219 இலக்கு, 201 போதும்: ஐபிஎல் கணக்கு, புதிதாகப் பார்ப்பவர்களுக்கு

2024 மே 18, பெங்களூரு சின்னசாமி மைதானம். முதலில் ஆடிய பெங்களூரு அணி 218 ரன் எடுத்துவிட்டது. சென்னை ஜெயிக்க 219 வேண்டும். ஆனால் டிவியில் இன்னொரு எண்ணையும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள்: 201. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அத்தைக்கு இது பிடிபடவே இல்லை.

"219-ங்கறான், அப்புறம் 201-ங்கறான். ரெண்டுல எதுடா நெசம்?"

"ரெண்டும்தான் அத்தை. 219 எடுத்தா ஜெயிப்போம். 201 எடுத்தா தோத்தாலும் அடுத்த சுற்றுக்குப் போயிடுவோம்."

"தோத்தவன் எப்படிடா உள்ள போவான்?"

நியாயமான கேள்விதான். ஆனால் பதில் சொல்ல ஆரம்பித்தால் இருபது ஓவர் ஆட்டத்தின் விதிகளில் தொடங்கிப் புள்ளிப் பட்டியல் வரை போக வேண்டும். அன்று இரண்டு ஓவருக்கு நடுவே கிடைத்த நேரத்தில் அதைச் சொல்லி முடிக்க முடியவில்லை. இங்கே சாவகாசமாகச் சொல்கிறேன். ஓவர் என்றால் ஆறு பந்து, பத்து விக்கெட் போனால் ஆட்டம் முடிந்தது என்ற அளவுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

இருபது ஓவர் ஆட்டம் 2003-ல் இங்கிலாந்தின் கவுண்டி அணிகளுக்கு இடையே தொடங்கியது. கூட்டம் குறைந்துகொண்டே வந்த காலம் அது. வேலை முடிந்து சாயங்காலம் வருகிறவர்கள் மூன்று மணி நேரத்தில் ஒரு முழு ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகட்டும் என்பதுதான் யோசனை. 2007-ல் தென்னாப்பிரிக்காவில் நடந்த முதல் இருபது ஓவர் உலகக் கோப்பையை இந்தியா வென்றது. அடுத்த ஆண்டே, 2008 ஏப்ரல் 18-ல், ஐபிஎல் தொடங்கிவிட்டது.

ஓவரை வெட்டியவர்கள் விக்கெட்டைக் குறைக்கவில்லை. கவனிக்க வேண்டியது இதைத்தான். ஐம்பது ஓவர் ஆட்டத்தில் ஓர் அணிக்கு 300 பந்து, பத்து விக்கெட். அதாவது விக்கெட்டுக்கு 30 பந்து. இருபது ஓவரில் 120 பந்துக்கும் அதே பத்து விக்கெட். விக்கெட்டுக்கு 12 பந்துதான். ஆக, கையில் விக்கெட் தாராளமாக இருக்கிறது, பந்துக்குத்தான் பஞ்சம். இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் மற்ற விதிகள் தானாகப் புரியும்.

ஒருவர் 30 பந்தில் 30 ரன் எடுத்து அவுட் ஆகாமல் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். டெஸ்ட் ஆட்டமாக இருந்தால் நல்ல ஆட்டம் என்பார்கள். இங்கே அவர் அணியின் பந்துகளில் கால்வாசியைத் தின்றுவிட்டார். 180 எடுக்க வேண்டுமென்றால் மிச்சமிருக்கும் 90 பந்தில் 150 வேண்டும். 'தடவுகிறான்' என்று ரசிகர்கள் திட்டுவது இதற்குத்தான். ஆறு பந்தில் பத்து ரன் அடித்துவிட்டு அவுட் ஆனவரை யாரும் அவ்வளவாகக் கோபித்துக்கொள்வதில்லை.

பந்துவீசுகிற பக்கமும் பஞ்சம்தான். ஒருவர் நான்கு ஓவருக்கு மேல் வீசக் கூடாது. அதனால் குறைந்தது ஐந்து பேர் வேண்டும். அணியில் எப்பேர்ப்பட்ட பந்துவீச்சாளர் இருந்தாலும் கேப்டன் கையில் அவருடைய 24 பந்துதான் உண்டு. அதை எப்போது செலவு செய்வது? ஆரம்பத்தில் ஒன்றோ இரண்டோ ஓவர் கொடுத்துவிட்டு, மீதியைக் கடைசி நான்கைந்து ஓவருக்காகப் பத்திரமாக எடுத்து வைப்பது வழக்கம். டெத் ஓவர் என்று சொல்வது அந்தக் கடைசிப் பகுதியை. எதிரணி நடுவில் வெளுத்துக்கொண்டிருக்கும்போதும் நல்ல பந்துவீச்சாளர் ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பார். கேப்டனுக்கு மூளை இல்லையா என்று தோன்றும். பெரும்பாலும் கணக்குப் போட்டுத்தான் நிறுத்தி வைத்திருப்பார்.

அடுத்தது பவர்பிளே. மைதானத்தில் ஆடுகளத்தைச் சுற்றி ஒரு வட்டம் தெரியும். முப்பது யார்டு வட்டம் என்பார்கள். முதல் ஆறு ஓவரில் அந்த வட்டத்துக்கு வெளியே இரண்டு ஃபீல்டர்கள்தான் நிற்கலாம். மற்றவர்கள் உள்ளேதான். ஆக, தலைக்கு மேலே தூக்கி அடித்துவிட்டால் அங்கே பிடிக்க ஆள் இல்லை. தொடக்க ஆட்டக்காரர்கள் வந்ததும் வராததுமாகக் கையைச் சுழற்றுவது இதனால்தான். ஆறாவது ஓவர் முடிந்ததும் திரையைக் கவனித்துப் பாருங்கள். உள்ளே இருந்தவர்களில் சிலர் எல்லைக் கோட்டை நோக்கி நடந்து போவார்கள். ஏழாவது ஓவரிலிருந்து ஐந்து பேர் வரை வெளியே நிற்கலாம். ஐந்தாவது ஓவரில் நான்கு ரன் ஆன அதே அடி எட்டாவது ஓவரில் கேட்ச் ஆகிவிடும். அடித்தவருடைய திறமை அப்படியேதான் இருக்கிறது, ஆள் நிற்கிற இடம் மாறிவிட்டது.

இந்த வட்டத்தைத் தண்டனைக்கும் பயன்படுத்துகிறார்கள். ஐபிஎல்லில் ஒரு இன்னிங்ஸ், அதாவது ஓர் அணியின் இருபது ஓவர், 90 நிமிடத்தில் முடிய வேண்டும், இரண்டரை நிமிட இடைவேளைகள் இரண்டும் சேர்த்து. நேரம் கடந்துவிட்டால், மீதி ஓவர்களில் வெளியே ஐந்து பேருக்குப் பதில் நான்கு பேர்தான். கேப்டனுக்குப் பண அபராதமும் போடுவார்கள். கோடியில் சம்பளம் வாங்குகிறவருக்கு லட்சத்தில் அபராதம் எங்கே உறைக்கும்? கடைசி ஓவரில் எல்லைக் கோட்டில் ஓர் ஆள் குறைந்தால் நன்றாக உறைக்கிறது. எனக்குப் பிடித்த விதிகளில் இது ஒன்று.

சின்ன விதிகளைச் சட்டென்று பார்த்துவிடுவோம். கோட்டைத் தாண்டிக் கால் வைப்பது போல விதி மீறி நோ பால் வீசினால் எதிரணிக்கு ஒரு ரன், மறுபடி ஒரு பந்து. அந்த அடுத்த பந்து ஃப்ரீ ஹிட், அதில் போல்டோ கேட்சோ ஆனாலும் அவுட் கிடையாது, ரன் அவுட் உண்டு. எட்டாத தூரத்தில் போகும் வைடுக்கும் ஒரு ரன்னும் இன்னொரு பந்தும். நடுவர் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய இன்னிங்ஸுக்கு இரண்டு வாய்ப்பு. 2023 முதல் வைடு, நோ பால் தீர்ப்புகளையும் இப்படிக் கேட்கலாம். 2024 முதல் ஓர் ஓவரில் தோளுக்கு மேலே எழும்பி வரும் பவுன்சர் இரண்டு வீசலாம்.

இம்பாக்ட் பிளேயர் விதி மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. புதிதாகப் பார்க்கிறவர்கள் குழம்புவதே இங்கேதான். "இவன் இப்பதானே பேட்டிங் பண்ணான், இப்ப ஆளையே காணோமே?" டாஸ் போடும்போது பதினொரு பேருடன் ஐந்து மாற்று ஆட்டக்காரர்களின் பெயரையும் கொடுப்பார்கள். அந்த ஐவரில் ஒருவரை ஆட்டத்தின் நடுவே இறக்கிக்கொள்ளலாம். வெளியே போனவர் அன்றைக்குத் திரும்பி வர முடியாது. வந்தவர் பேட்டும் பிடிக்கலாம், முழு நான்கு ஓவரும் வீசலாம். 2023 மார்ச் 31, அகமதாபாத்தில் நடந்த அந்த ஆண்டின் முதல் ஆட்டத்தில் சென்னை அணி அம்பட்டி ராயுடுவை வெளியே எடுத்துவிட்டு துஷார் தேஷ்பாண்டேயைக் கொண்டுவந்தது. ஐபிஎல்லின் முதல் இம்பாக்ட் பிளேயர் அவர்தான். பேட்டிங் முடிந்தது, இனி பேட்ஸ்மேன் எதற்கு, பந்துவீச்சாளர் வரட்டும் என்ற கணக்கு. அதே ஆட்டத்தில் குஜராத் அணி, ஃபீல்டிங் செய்யும்போது அடிபட்ட கேன் வில்லியம்சனுக்குப் பதிலாக நம் சாய் சுதர்சனை இறக்கியது.

பதினொரு பேரில் வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் நான்கு பேர்தான் இருக்கலாம். நான்கு பேரும் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தால் மாற்றாக வருகிறவர் இந்தியராகத்தான் இருக்க வேண்டும்.

இந்த விதி எனக்கு உவப்பானதாக இல்லை. எட்டாவது ஆளாகப் பந்துவீச்சாளர் வருகிற இடத்தில் இப்போது இன்னொரு பேட்ஸ்மேன் நிற்கிறார். அடிக்கிறவனுக்குப் பயமே போய்விட்டது. கொஞ்சம் பேட்டிங், கொஞ்சம் பந்துவீச்சு என்று இரண்டும் செய்கிற ஆல்ரவுண்டர்களுக்கு வேலை குறைந்துவிட்டது. சிவம் துபே, வாஷிங்டன் சுந்தர் போன்றவர்களுக்குப் பந்துவீச வாய்ப்பே கிடைப்பதில்லை என்று ரோகித் சர்மா 2024-ல் வெளிப்படையாகவே சொன்னார். பெரிய ஸ்கோர் வேண்டும் என்கிற ரசிகர்களுக்கு இது கொண்டாட்டம், அதையும் சொல்லிவிட வேண்டும்.

சமமாகவும் முடியலாம், மழையும் வரலாம்

இரண்டு அணியும் ஒரே ஸ்கோரில் நின்றுவிட்டால் சூப்பர் ஓவர். ஆளுக்கு ஓர் ஓவர், இரண்டு விக்கெட் போனால் அந்தப் பக்கம் முடிந்தது. இரண்டாவதாக பேட் செய்த அணி இதில் முதலில் ஆடும். அதுவும் சமமானால் இன்னொரு சூப்பர் ஓவர். 2020 அக்டோபர் 18-ல் துபாயில் மும்பையும் பஞ்சாபும் மோதியபோது இது நடந்தது. முதல் சூப்பர் ஓவரில் பும்ரா பஞ்சாபை 5 ரன்னில் நிறுத்தினார். ஆறு ரன் எடுக்க வேண்டிய மும்பையை ஷமி அதே 5-ல் கட்டிப்போட்டார். இரண்டாவதில் மும்பை 11, பஞ்சாப் அதைத் தாண்டிவிட்டது. ஒரு சூப்பர் ஓவர் வீசியவர் அடுத்ததை வீசக் கூடாது என்பதால் பும்ராவும் ஷமியும் அப்போது வேடிக்கைதான் பார்த்தார்கள்.

மழை வந்து ஓவர் குறைந்தால், இலக்கை மாற்றிக் கணக்கிட டக்வொர்த் லூயிஸ் ஸ்டெர்ன் முறை. இதன் சூத்திரம் கணினிக்குத்தான் புரியும், ஆனால் உள்ளே இருக்கிற யோசனை எளிது. 2023 இறுதி ஆட்டத்தில் குஜராத் இருபது ஓவரில் 214 எடுத்தது. ஓவருக்கு 10.7. மழைக்குப் பிறகு சென்னைக்கு 15 ஓவர்தான் கிடைத்தது. இலக்கு 171. ஓவருக்கு 11.4. ஏன் கூடியது? பந்து குறைந்தாலும் பத்து விக்கெட்டும் அப்படியே இருக்கிறதே! 90 பந்துக்குப் பத்து விக்கெட் என்றால் இன்னும் துணிந்து அடிக்கலாம், அதனால் வேகமும் கூட வேண்டும். பந்துவீச்சாளருக்கும் நான்கு ஓவருக்குப் பதில் மூன்றுதான். அந்த ஆட்டத்தில் கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் தேவைப்பட, ஜடேஜா ஒரு சிக்ஸும் ஒரு ஃபோரும் அடித்தது உங்களுக்கும் நினைவிருக்கலாம். மழை ஆட்டம் முடிவு காண வேண்டுமென்றால் இரண்டு அணிக்கும் குறைந்தது ஐந்து ஓவராவது கிடைத்திருக்க வேண்டும்.

அந்த 201 எங்கிருந்து வந்தது

2022 முதல் ஐபிஎல்லில் பத்து அணிகள். எல்லாரும் எல்லாருடனும் இரண்டு முறை மோதினால் லீக் ஆட்டங்களே 90 ஆகிவிடும். அதனால் ஓர் அணி ஐந்து அணிகளுடன் இரண்டு முறையும் மற்ற நான்குடன் ஒரு முறையும் ஆடும். ஆளுக்கு 14, மொத்தம் 70. இதற்காக அணிகளை இரண்டு பிரிவாகப் பிரிப்பார்கள். அந்தப் பிரிவு அட்டவணை போடுவதற்கு மட்டும்தான். புள்ளிப் பட்டியல் ஒன்றே ஒன்று.

ஜெயித்தால் 2 புள்ளி. தோற்றால் ஒன்றும் இல்லை. மழையால் ஆட்டமே நடக்காவிட்டால் ஆளுக்கு 1. பத்து ரன்னில் ஜெயித்தாலும் நூறு ரன்னில் ஜெயித்தாலும் அதே 2 தான். சரி, அப்படியென்றால் இரண்டு அணிகள் ஒரே புள்ளியில், அதே எண்ணிக்கை வெற்றியுடன் நின்றால்? அங்கேதான் நெட் ரன் ரேட் வருகிறது.

பெயர்தான் பயமுறுத்தும். நாம் ஓவருக்கு எத்தனை ரன் எடுத்தோம் என்பதிலிருந்து, ஓவருக்கு எத்தனை ரன் கொடுத்தோம் என்பதைக் கழித்தால் வருவது. அவ்வளவுதான். ஐபிஎல்லின் முதல் ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். பிரெண்டன் மெக்கல்லம் 158 அடித்த அன்று கொல்கத்தா இருபது ஓவரில் 222. ஓவருக்கு 11.1. பதிலுக்கு ஆடிய பெங்களூரு 82-ல் சுருண்டது, 15.1 ஓவரில். இங்கே ஒரு பொடி வைத்திருக்கிறார்கள். ஆல் அவுட் ஆன அணிக்கு, எத்தனை ஓவரில் அவுட் ஆகியிருந்தாலும், முழு இருபது ஓவர் ஆடியதாகவே கணக்கு. ஆகவே 82-ஐ 20-ஆல் வகுக்க வேண்டும், 4.1. கொல்கத்தாவுக்கு 11.1-லிருந்து 4.1 போக 7. பெங்களூருக்கு அதே 7, முன்னால் கழித்தல் குறியுடன்.

இந்தப் பொடி இல்லாவிட்டால் என்ன ஆகும்? 82-ஐ 15.1 ஓவரால் வகுத்தால் 5.4 வரும். சீக்கிரம் அவுட் ஆனதற்குப் பரிசு கொடுத்த மாதிரி ஆகிவிடும்!

இன்னும் இரண்டு விஷயம். 15.1 என்பது தசமம் கிடையாது, பதினைந்து ஓவரும் ஒரு பந்தும். கணக்குப் போடும்போது ஒரு பந்தை ஆறில் ஒரு பங்காக மாற்றிக்கொள்ள வேண்டும். 18.3 ஓவர் என்றால் பதினெட்டரை. காகிதத்தில் கணக்குப் போட்டுவிட்டு டிவியில் வேறு எண் காட்டுகிறதே என்று முழிக்கிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்கியிருப்பார்கள். இரண்டாவது, இது ஆட்டத்துக்கு ஆட்டம் எடுத்த சராசரி அல்ல. தொடர் முழுக்க எடுத்த ரன், ஆடிய ஓவர், கொடுத்த ரன், வீசிய ஓவர் எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டிப் போடுகிற கணக்கு. அதனால் முதல் வாரத்தில் படுதோல்வி அடைந்தால் அந்தச் சுமை கடைசி வாரம் வரை கூடவே வரும்.

இப்போது மே 18-க்குத் திரும்பலாம். அன்று காலை சென்னைக்கு 14 புள்ளி, பெங்களூருக்கு 12. முதல் நான்கு அணிகள்தான் அடுத்த சுற்றுக்குப் போகும், அதில் மீதமிருந்தது ஒரே இடம். சென்னை ஜெயித்தால் 16, பேச்சே இல்லை. பெங்களூரு ஜெயித்தால் இரண்டும் 14, நெட் ரன் ரேட்டில் யார் மேலே என்று பார்க்க வேண்டும். அதுவரை மேலே இருந்தது சென்னை. அதைத் தாண்ட பெங்களூரு சும்மா ஜெயித்தால் போதாது, 18 ரன்னாவது வித்தியாசம் வேண்டும். 218-ல் 18 போனால் 200. சென்னையை 200-க்குள் நிறுத்தினால் பெங்களூரு உள்ளே. ஒரு ரன் கூடி 201 ஆகிவிட்டால் சென்னை உள்ளே.

கடைசி ஓவர் தொடங்கும்போது சென்னை 184. ஜெயிக்க 35 வேண்டும், அதை யாரும் நினைக்கவே இல்லை. 17 எடுத்தால் போதும். யஷ் தயாள் வீசிய முதல் பந்தை தோனி மைதானத்துக்கு வெளியே அனுப்பினார். இனி ஐந்து பந்தில் 11. அடுத்த பந்து மெதுவாக வந்தது, தூக்கி அடித்தார், எல்லைக் கோட்டருகே கேட்ச். அத்தை எழுந்து உள்ளே போய்விட்டார். அப்புறம் ஒரு பந்து வீண், ஒரு சிங்கிள், கடைசி இரண்டு பந்தையும் ஜடேஜாவால் தொட முடியவில்லை. 191. முதல் பந்து சிக்ஸுக்குப் போய்த் தொலைந்ததால் ஈரமில்லாத வேறு பந்து கைக்கு வந்தது, அதுதான் எங்களுக்கு உதவியது என்று பெங்களூருக்காக ஆடிய தினேஷ் கார்த்திக் அன்றிரவு சொன்னார். லீக் ஆட்டங்கள் முடிந்தபோது நெட் ரன் ரேட் பெங்களூருக்கு 0.459, சென்னைக்கு 0.392. இரண்டு மாதம் பதினான்கு ஆட்டம் ஆடிய பிறகு வந்த வித்தியாசம் 0.067.

முதல் நான்கு இடம் பிடித்த அணிகள் பிளே ஆஃபுக்குப் போகும். இந்த அமைப்பு 2011-ல் வந்தது, அதற்கு முன்பு சாதாரண அரையிறுதிதான். முதல் இரண்டு இடத்தில் இருக்கிறவர்கள் குவாலிஃபையர் ஒன்றில் மோதுவார்கள். ஜெயித்தவர் நேராக இறுதிக்கு. தோற்றவருக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. மூன்றாவதும் நான்காவதும் எலிமினேட்டரில் மோதும். அதில் தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஜெயித்தவர், குவாலிஃபையர் ஒன்றில் தோற்றவருடன் குவாலிஃபையர் இரண்டில் ஆடி ஜெயித்தால் இறுதிக்கு வரலாம். இரண்டாம் இடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் நடுவில் இவ்வளவு பெரிய பள்ளம். எலிமினேட்டர் வழியாக வந்து கோப்பை வென்ற முதல் அணி 2016-ன் ஹைதராபாத்.

அதே 2024-ல் ராஜஸ்தானுக்கு நடந்தது இந்தப் பள்ளத்தைக் காட்டும். கொல்கத்தாவுடன் அவர்களுடைய கடைசி லீக் ஆட்டம் மழையில் போனது. கிடைத்தது ஒரு புள்ளி, மொத்தம் 17. ஹைதராபாத்துக்கும் அதே 17, ஆனால் நெட் ரன் ரேட் அதிகம். ஹைதராபாத் இரண்டாம் இடம், ராஜஸ்தான் மூன்றாம் இடம். குவாலிஃபையர் ஒன்றில் ஹைதராபாத் கொல்கத்தாவிடம் தோற்றும் தப்பித்தது. பிறகு சேப்பாக்கத்தில் ராஜஸ்தானை வீழ்த்தி இறுதிக்கும் வந்தது. அங்கே 113 ரன்னில் சுருண்டு, மறுபடி கொல்கத்தாவிடமே கோப்பையை விட்டது வேறு கதை.

முதல் எட்டு ஆட்டத்தில் ஒன்றே ஒன்று ஜெயித்து, பிறகு தொடர்ந்து ஆறு ஜெயித்து, 0.067-ல் உள்ளே நுழைந்த பெங்களூரு? நான்காம் இடம் என்பதால் எலிமினேட்டர். மே 22-ல் ராஜஸ்தானிடம் தோற்று வெளியேறியது. அன்று அத்தை டிவி முன்னால் உட்காரவில்லை. மறுநாள் காலையில் முடிவு மட்டும் கேட்டார். சொன்னேன்.

"அதுக்கு நம்ம பசங்களையே விட்டிருக்கலாம்" என்றார்.